சலவை எண் 112

வெள்ளிக்கிழமை மத்தியானம்
ஜுஃபைர் ஓட்டலின் மூன்றாம் மாடிக் கூடத்தில்
பேனர் கட்டினார்கள்:
'வீடு திரும்பும் வார இறுதி, மனாமா.'
ஏற்காட்டுப் பள்ளியின் அதே மான் சின்னம்,
அச்சில் கொஞ்சம் பருத்துப்போயிருந்தது.

நாற்பது மேசை, நாற்பது வெள்ளை விரிப்பு.
விரித்தவள் நான்.
சட்டையில் 'ராணி' என்று வில்லை.
சகாயராணி என்று முழுதாய் எழுத
இடம் போதாது என்றார் சூப்பர்வைசர் திலக் பகதூர்.

பாலம் தாண்டி அல்கோபாரிலிருந்து காரில் சிலர்,
தோஹாவிலிருந்து, குவைத்திலிருந்து விமானத்தில் சிலர்.
வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
"டேய் புளிமூட்டை!"
"டேய் அரை டிக்கெட்!"
யாரோ போனில் பதிந்துவந்த சாப்பாட்டு மணியை
ஸ்பீக்கரில் போட்டதும்
தொப்பையும் வழுக்கையுமாய் வரிசையில் நின்றார்கள்,
உயரப்படி.

எனக்கு அவர்கள் பட்டப்பெயர் தெரியாது.
பெயரே தெரியாது.
எண்கள் தெரியும்.

அப்பா துவைப்பார், அம்மா தேய்ப்பார்,
நான் காலரின் உள்பக்கம்
சிவப்பு நூலால் எண் தைப்பேன்.
எட்டு மட்டும் எனக்கு வளையாது,
பூஜ்ஜியத்தின்மேல் பூஜ்ஜியம் உட்கார்த்திவைப்பேன்.

38, பை நிறைய ஆரஞ்சுத் தோல்.
201, அம்மாவின் கைக்குட்டையைத் துவைக்கப் போடமாட்டான்;
வார்டன் பிடுங்கிப் போட்ட அன்று
அது காயும்வரை கொடிக்கயிற்றின் கீழே நின்றான்,
பனியில்.
112, படுக்கை விரிப்பு.
வாரத்தில் நாலு நாள்.

வார்டன் வந்து எண்ணுமுன்
ஈரம் உள்ளே போகும்படி மடித்து
மூட்டையின் அடியில் வைத்துவிடுவேன்.
அவனுக்குப் பத்து வயது, எனக்கும் பத்து.
பேசிக்கொண்டதே இல்லை.
ஒரே ஒருமுறை மடிப்புக்குள்
ஒரு ஆரஞ்சு மிட்டாய் இருந்தது.
காகிதம் நனைந்திருந்தது. தின்றேன்.

இன்று மேடையில் பொன்னாடை
ஹென்றி தயாபரன் அவர்களுக்கு.
கடல்நீரைக் குடிநீராக்கும் கம்பெனி வைத்திருக்கிறாராம்.
பேசும்போது இடது காதை இழுத்துக்கொண்டே பேசினார்.
அப்போதுதான் கண்டுகொண்டேன்.

"அந்தப் பள்ளிதான் நண்பர்களே, என் வீடு."
கைதட்டல்.
டிசம்பர் பஸ் எப்போது வரும் என்று
வீட்டுக்காக அழுத பிள்ளைகள்,
அழுத இடத்தையே வீடு என்கிறார்கள்.
தப்பென்று சொல்லவில்லை.
என் இரண்டு கையிலும் தட்டு இருந்தது,
தட்ட முடியவில்லை.

ஏழாம் மேசைக்கு எலுமிச்சை ஜூஸ் வைத்தபோது
தமிழ் முகம் பார்த்துக் கேட்டார்:
"எந்த ஊர்ம்மா?"
"ஏற்காடு சார்."
"அட! எந்த ஸ்கூல்?"
"உங்க ஸ்கூல்தான் சார்.
படிக்கல."

சிரித்தார். பிறகு சிரிப்பை
எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல
கையை நகர்த்தினார்.
கிளாஸ் சாய்ந்தது.
வெள்ளை விரிப்பில் ஈரம்
மெதுவாக, ஒரு தீவு மாதிரி.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு திலக் வருகிறார்.
என்னைக் கேட்காமல் கைகள் வேலை பார்த்தன.
நாலு மூலையும் தூக்கி,
ஈரம் உள்ளே,
ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கைகளைப் பார்த்தார்.
காதுக்குப் போன விரல் பாதியில் நின்றது.
ஏதோ கேட்க வாய் திறந்தார்.
குரூப் போட்டோவுக்கு வரச்சொல்லி
மைக்கில் கத்தினார்கள்.
போனார்.
பின்வரிசையில் நின்றார். உயரம் அப்படி.

ராத்திரி ஒரு மணிக்கு
சித்ராவிலிருந்து சலவை வேன் வந்தது.
கீழே கார் நிறுத்தத்தில் இன்னும் சூடு அடங்கவில்லை.
டிரைவர் நீட்டிய சீட்டில் நிரப்பினேன்:
விரிப்பு 40, நாப்கின் 388.
ஒன்று ஈரம் என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

எட்டு இன்றைக்கும் வளையவில்லை.
பூஜ்ஜியம்,
அதன் தலையில் இன்னொரு பூஜ்ஜியம்.